மூலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் முன் சக்கரப் பிறேக் பாட்களை வீட்டிலேயே மாற்றும் முறையை விளக்கியிருந்தேன். அதை வாசித்து வேலையில் இறங்கியவர்களில் சிலர் பாதியில் நின்றுகொண்டு எழுதிய கடிதங்களே இம்முறை அதிகம் வந்திருக்கின்றன. பாட் மாற்றுவதில் எவருக்கும் சிக்கல் வரவில்லை; பாட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் போல்ட்தான் மறித்திருக்கிறது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டதை நாம் அறிவோம். இந்தக் கடிதங்களில் பேசப்படும் வாகனங்கள் எல்லாமே இருபது வயதைத் தாண்டியவை. அவற்றின் போல்ட்களுக்கும் அதே வயது. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கழல மறுக்கும் போல்ட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. முன் பிறேக் பாட்களை மாற்றுவதற்காக, அப்பாவின் மசி பேர்கசன் உழவு இயந்திரத்துக்குரிய சாவிப் பெட்டியை எடுத்து, 9/16 ஸ்பனர் பொருந்துவது போல் இருந்ததால் அதைப் பாவித்தேன். பாட்களைப் பிறேக் தட்டின் மேல் அழுத்தும் கலிப்பரின் மேல் போல்ட் கழன்றுவிட்டது. கீழ் போல்ட்டில் ஸ்பனர் மூன்று தடவை வழுக்கியது. நான்காம் தடவை ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகிக் காலால் மிதித்தேன். இப்போது போல்ட்டின் தலை குமிழ் போல உருண்டுவிட்டது. கார் முற்றத்தில் ஜக்கின் மேல் நிற்கிறது. காஸ் சுவாலையால் சூடாக்கினால் இளகிவிடும் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இந்தப் பக்கத்தை வாசித்து முடிப்பதற்கு முன்னர் எழுந்து போய், காரை ஜக்கின் தயவில் மட்டும் நிற்கவிடாமல், உறுதியான தாங்கியையோ இரு முனையும் மட்டமாக வெட்டிய பருத்த பனங்குற்றியையோ அடிச்சட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். சீமெந்துக் கல் வேண்டாம். அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். கழலாத போல்ட்டை இழுக்கும்போது காரையும் சேர்த்தே இழுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, அயலவரின் யோசனை. சூடாக்குவது நல்ல வழிதான்; ஆனால் இந்த இடத்துக்கு அது உதவாது. நீங்கள் கழற்ற முயலும் போல்ட்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் வழுக்கூசியின் (கலிப்பர் வழுக்கி நகர்வதற்கு உதவும் ஊசி) இறப்பர் உறையும், கலிப்பருக்குள் பிஸ்ரனின் இறப்பர் வளையமும், தீப்பற்றக்கூடிய பிறேக் எண்ணெயும், அந்த எண்ணெயைக் கொண்டுவரும் இறப்பர்க் குழாயும் இருக்கின்றன. போல்ட் இளகும் அளவுக்குச் சூடேற்றினால் அவை அதற்கு முன்னரே கெட்டுவிடும். இறப்பர் கெட்டது அன்றைக்குத் தெரியாமல், சில வாரங்களின் பின் வீதியில் பிறேக்கை மிதிக்கும்போது தெரியவரலாம்.

மூன்றாவதாக, உங்களுக்கு நிம்மதி தரக்கூடிய ஒரு செய்தி: பாட் மாற்றுவதற்கு அந்தக் கீழ் போல்ட் கழல வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். இவ்வகைக் கலிப்பர் இரண்டு வழுக்கூசிகளில் தாங்கி நிற்பதால், ஒரு போல்ட் கழன்றதும் மற்றதைக் கீல் போல வைத்துக்கொண்டு கலிப்பரைத் திருப்பலாம். வழக்கத்தில் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கலிப்பரை மேலே தூக்குவார்கள். நீங்கள் மேல் போல்ட்டைக் கழற்றியிருப்பதால் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். பிறேக் குழாய் இழுபடாமலும் முறுகாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். இடம் கிடைத்தால் புதிய பாட்களைப் போட்டு மேல் போல்ட்டைப் பூட்டிவிடலாம். கீழ் போல்ட் ஒரு மயிரிழையும் அசையவில்லையென்றால் அது இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. அதை அவசரமின்றி வேறொரு நாளில் கழற்றி மாற்றலாம். சிறிதாவது அசைந்து இளகியிருந்தால் அப்படி ஓட்டக் கூடாது, இன்றைக்கே கழற்றியாக வேண்டும்.

இனி நடந்தது என்னவென்று பார்ப்போம். வன்னியில் உழவு இயந்திரம் நிற்கும் வீடுகளில் பழைய சாவிப் பெட்டி ஒன்றும் இருக்கும். அந்தப் பெட்டி பெரும்பாலும் அங்குல அளவில் செய்யப்பட்டது. உங்கள் காரோ மில்லிமீற்றர் அளவில் செய்யப்பட்டது. 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீற்றர், உங்கள் போல்ட்டின் தலை 14 மில்லிமீற்றர். மீதி 0.29 மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் அந்த இடைவெளியால் ஸ்பனர் தலையின் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை மட்டும் பிடிக்கும். பாரம் முழுவதும் ஒரு மெல்லிய விளிம்பில் விழும்போது விளிம்பு மடிந்து போகும். அரை அங்குல ஸ்பனர் இன்னும் மோசமானது: அது 12.7 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர்த் தலையில் நன்றாகவே ஆடும். முக்கால் அங்குலம் மட்டும் 19.05 மில்லிமீற்றர் என்பதால் 19 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழப் பொருந்தும். அந்த ஒரு பொருத்தத்தைக் கண்டு மற்றவையும் அப்படித்தான் என்று நம்பியவர்களின் போல்ட்களை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன்.

மில்லிமீற்றருக்குள்ளும் ஒரு பொறி உண்டு. ஜப்பானிய வாகனங்களில் 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்கு வழக்கமாக 12 மில்லிமீற்றர்த் தலை இருக்கும். இந்திய, ஐரோப்பிய வாகனங்களில் அதே போல்ட்டுக்கு 13 மில்லிமீற்றர்த் தலை இருப்பது வழக்கம். இந்தியத் தயாரிப்பான பட்டா லொறிக்கு வாங்கிய சாவிகளைக் கொரோலாவில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பனர் முதல் தடவை வழுக்கியபோதே நீங்கள் நிறுத்தியிருந்தால், சரியான 14 மில்லிமீற்றர் அறுமுனைச் சொக்கற் அந்தத் தலையைப் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டாம், மூன்றாம் வழுக்கலின் பின் அரமும் சுத்தியலும் தேவைப்படும் நிலைக்கு வந்தீர்கள். குழாய் போட்டு மிதித்ததோடு துறப்பணம் வரை போக வேண்டிய நிலை உருவாகியிருக்கிறது. ஒவ்வொரு வழுக்கலும் அடுத்து வரும் முறைக்குத் தேவையான இரும்பைத்தான் தின்கிறது. ஆகையால் இனிச் செய்வதையாவது தலையை மிகக் குறைவாகக் கெடுக்கும் முறையில் தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும்.

முதலில் இரும்புத் தூரிகையால் தலையையும் அதைச் சுற்றியுள்ள கறளையும் உரசித் துடையுங்கள். பிறகு புரி ஊசிக்குள் நுழையும் இடத்தில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு மூன்று துளி விடுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி 40 என்பது 1953இல் உலோகத்திலிருந்து நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. அவசரத்துக்கு அதுவும் உதவும், ஆனால் இறுகிய புரிக்குள் ஊர்ந்து செல்வதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன. எதுவாயினும் துளிக் கணக்கில் மட்டும் விடுங்கள். பெற்றோலிய எண்ணெய் பட்டால் பிறேக் இறப்பர் ஊதிக் கெட்டுவிடும், தட்டில் பட்டால் பிறேக் பிடிக்காது. ஓர் இரவு ஊறவிட்டு, இடையிடையே போல்ட்டின் தலையில் சிறிய சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். பலமாக அடிக்க வேண்டியதில்லை. கறள் வெடித்து எண்ணெய்க்கு வழி விடுவதற்கு அதிர்வுதான் தேவை.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, 2002இல் ஏ9 வீதி திறக்கப்படும்வரை எங்களைப் பொறுமைக்குப் பழக்கியது. அக்காலத்தில் ஊடுருவும் எண்ணெய் என்ற ஒன்று எங்கள் பட்டறையில் இருக்கவில்லை. மண்ணெண்ணெயில் சிறிதளவு பழைய எஞ்சின் ஒயிலைக் கலந்து, கோழி இறகால் தொட்டு வைப்போம். மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள்களும் ஓடின என்பதால் அதையும் துளியாகவே செலவழித்தோம். புதிய போல்ட் கிடைக்காத காலம் அது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பால்மா ரின்னில் போட்டு வைத்து மறுபடியும் பாவிக்க வேண்டியிருந்ததால், ஒரு தலையைக் கெடுப்பதற்கு முன்னர் ஒரு நாள் காத்திருப்பது எங்களுக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. இன்றைக்குப் போல்ட் கடையில் கிடைக்கிறது, காத்திருப்பதைத்தான் காணவில்லை.

எண்ணெய் ஊறிய பின், போல்ட்டுக்கு அடுத்ததாக உள்ள வழுக்கூசியைக் கவனியுங்கள். அதன் கழுத்தில் ஸ்பனர் பிடிப்பதற்குத் தட்டையான இரண்டு பக்கங்கள் இருக்கும். கொரோலாவில் அதற்குப் பெரும்பாலும் 17 மில்லிமீற்றர்த் திறந்த ஸ்பனர் போகும். அதைப் பிடித்துக்கொள்ளாமல் போல்ட்டைத் திருப்பினால் ஊசியும் சேர்ந்து சுற்றும், இறப்பர் உறை கிழியும், போல்ட் அந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டாம் ஸ்பனரைப் பற்றிய பேச்சே இல்லை என்பதால், உங்கள் துன்பத்தில் பாதி இதனால் வந்ததோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. திருப்பும் திசையையும் உறுதிப்படுத்துங்கள். போல்ட்டின் தலை காரின் உட்பக்கத்தை நோக்கியிருக்கும். நீங்கள் வெளியே நின்று கலிப்பரின் மேலாக எட்டிப் பார்த்துத் திருப்பினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையே கழலும் திசை.

இனி அரம். உருண்ட தலையின் ஆறு பக்கங்களையும் அரை மில்லிமீற்றர் வீதம் அராவினால் 14 மில்லிமீற்றர்த் தலை 13 மில்லிமீற்றராகும். அதில் 13 மில்லிமீற்றர் அறுமுனைச் சொக்கற்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். சற்றுக் குறைவாக அராவி, சொக்கற் முரண்டு பிடித்து ஏறும்படி விடுவதே நல்லது. அது ஏறும்போது தனக்கு வேண்டிய மூலைகளைத் தானே வெட்டிக்கொள்ளும். பன்னிருமுனைச் சொக்கற்றும் வளைய ஸ்பனரும் மூலைக்கு அருகில் பிடிப்பவை என்பதால் இந்த வேலைக்கு ஆகா. விலை கூடிய சொக்கற்றை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம். பழையது ஒன்று போதும். திருப்பும்போது வெடுக்கென்று இழுக்காமல், பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சிறிது அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாமல், கால் சுற்றுத் தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் தளர்த்துங்கள். கறள் தூள் புரியில் அடைபட்டுப் போல்ட் மறுபடி இறுகுவதை இது தடுக்கும்.

அதுவும் பிடிக்கவில்லையென்றால் பூட்டுக் குறடு, அதாவது நாம் வைஸ் கிறிப் என்று சொல்வது. அதன் பற்கள் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் முழுமையாகப் பதியும்படி, கையால் பூட்ட முடிந்த மட்டும் இறுக்கிப் பூட்டுங்கள். குறடு ஒருமுறை வழுக்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசி வழி, தலையைத் துறப்பணத்தால் எடுத்துவிடுவது. கேட்கப் பயமாக இருந்தாலும் இந்த இடத்தில் அது அவ்வளவு பயங்கரமானது அல்ல. மேல் போல்ட் உங்கள் கையில் இருக்கிறது. அதன் தண்டை அளந்தால் கீழ் போல்ட்டின் தண்டும் தெரிந்துவிடும். தலையின் நடுவில் குத்துளியால் ஆழமாகக் குறி வைத்து, முதலில் 3 மில்லிமீற்றர் அலகாலும், பின் படிப்படியாகப் பெரிய அலகுகளாலும், இறுதியில் தண்டின் விட்டத்துக்குச் சமமான அலகாலும் தலையின் ஆழம் வரை மட்டும் துளையுங்கள். தலை வளையம் போலக் கழன்று விழும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். தலை போனதும் கலிப்பரைக் கையால் எடுத்துவிடலாம். எடுத்த கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஊசியில் மீதியாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்: சற்று முன்னர் அசையாத அதே தண்டு, வைஸ் கிறிப்பால் பிடித்துத் திருப்பும்போது பெரும்பாலும் எளிதாகவே வரும். போல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது கறள் மட்டுமல்ல, தலைக்கும் புரிக்கும் இடையில் நீட்டப்பட்டிருந்த தண்டின் இழுவிசையும்தான். தலை போனதும் அந்த இழுவிசை போய்விடுகிறது. அப்படியும் வராவிட்டால் ஊசியையே போல்ட்டோடு புதிதாக மாற்றிவிடலாம்.

புதிய போல்ட்டை உதிரிப்பாகக் கடையிலேயே வாங்குங்கள். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறிக்கப்பட்டிருப்பது அதன் வலிமை. 8.8 என்றால் இழுவலிமை குறைந்தது 800 மெகாபஸ்கால், அதில் எண்பது சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். படலைக்கு வாங்கும் போல்ட்டில் பெரும்பாலும் எந்த எண்ணும் இருக்காது. அளவு பொருந்தினாலும் அது பிறேக்குக்கு உரியது அல்ல. இறுக்கும் அளவு வாகனக் கைநூலில் இருக்கும். பல கொரோலாக்களில் இந்தப் போல்ட்டுக்கு ஏறத்தாழ 34 நியூற்றன் மீற்றர் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. முறுக்களக்கும் சாவி இல்லாதவர்கள் மீன் வியாபாரியின் கொக்கித் தராசை இரவல் வாங்கலாம்: 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் தராசைக் கொழுவி, ஸ்பனருக்குச் செங்குத்தாக 17 கிலோ காட்டும்வரை இழுத்தால் அந்த அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். இருபது வயதுக் கைகள் அந்தப் போல்ட்டை இறுக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியதாகவே தோன்றும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர்: எஞ்சின் ஒயில் மாற்றுவதற்காகச் சம்ப் பிளக்கை, அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியின் அடைப்பை, திருப்பினேன். தலை நன்றாகவே இருக்கிறது, ஆனால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வருவதில்லை. கடைசியாக ஒயில் மாற்றிய இடத்தில் நீளமான சாவியால் இறுக்கியதைப் பார்த்த ஞாபகம். ஒயில் சொட்டுகிறது. பைப் வேலைக்குப் பாவிக்கும் வெள்ளை நாடாவைச் சுற்றிப் பூட்டலாமா?

பதில்: உங்களுடையது வேறு நோய். மல்லாவி வாசகருக்குத் தலை போய்விட்டது, புரி நலமாக இருக்கிறது. உங்களுக்குத் தலை நலம், புரி போய்விட்டது. இரண்டையும் நம் பேச்சில் சிலிப் ஆகிவிட்டது என்றே சொல்வதால், ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிடுகிறோம்.

சுற்றும் பிளக்கை வெளியே எடுக்க, அதன் தலைக்கும் சம்ப்புக்கும் இடையில் மெல்லிய திருப்புளியின் நுனியைச் செருகி, கீழ்நோக்கி இலேசாக நெம்பிக்கொண்டே கழற்றும் திசையில் திருப்புங்கள். மீந்திருக்கும் ஓரிரு புரிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெளியே வரும். வந்ததும் பிளக்கின் புரியைப் பாருங்கள். அதில் வெள்ளிக் கம்பிச் சுருள் போல ஏதாவது சுற்றியிருந்தால் அது சம்ப்பின் அலுமினியப் புரி, கெட்டது சம்ப். பிளக் இரும்பு என்பதால் மென்மையான அலுமினியம்தான் எப்போதும் தோற்கும்.

வெள்ளை நாடா வேண்டாம். அது நீரைத் தடுக்கும், புரி இல்லாத இடத்தில் பிளக்கைத் தாங்காது; நூல்நூலாகப் பிரிந்து ஒயில் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டவும் கூடும். தாமே புரி வெட்டிக்கொண்டு ஏறும் பருத்த பிளக்குகள் கடையில் உண்டு. அடுத்த ஒயில் மாற்றம் வரை ஓட அவை உதவலாம். ஆனால் அவை கோணலாக ஏறினால் சம்ப்பில் வெடிப்பு விழும். நிலையான தீர்வு, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய புரி வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச் சுருளாலான புரியைச் செருகுவது. பல டொயோட்டாக்களின் சம்ப் பிளக் 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர்ப் புரி இடைவெளியும் கொண்டது; இருந்தாலும் உங்கள் பிளக்கைக் கையில் கொண்டுபோய் அளந்தே செருகுபுரியை வாங்குங்கள். சம்ப்பைக் கழற்றி, கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் செய்விப்பதே சிறந்தது. வாகனத்தின் கீழே படுத்துச் செய்தால் அலுமினியத் துருவல் உள்ளே விழும். புரி வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிறீஸ் பூசினால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வரும். மீதியை வெளியேற்ற மலிவான ஒயில் அரை லீற்றரை மேலே ஊற்றிக் கீழே ஓடவிட வேண்டும்.

அதுவரை வாகனத்தை ஓட்ட வேண்டாம். சொட்டும் பிளக் கிறவல் வீதியின் குலுக்கலில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் ஒயில் விளக்கு எரிவதைக் காண்பதற்குள் எஞ்சின் பிடித்துவிடும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்: நான் ஹையேஸ் வான் வாடகைக்கு ஓட்டுகிறேன். புகைப் போக்கிக் கிளைக்குழாயின் ஒரு ஸ்ரட் (தலையில்லாத, புரியுள்ள ஆணி) எஞ்சின் தலையோடு மட்டமாக முறிந்துவிட்டது. நடுவில் துளையிட்டு, முறிந்த ஆணியை எடுக்கும் இடஞ்சுழிக் கருவியைச் செருகித் திருப்பினேன். அந்தக் கருவியும் உள்ளேயே முறிந்துவிட்டது. இப்போது எந்த அலகும் அதைத் துளைப்பதில்லை.

பதில்: துளைக்காதுதான். அந்தக் கருவி மிகக் கடினமான உருக்கால் செய்யப்படுகிறது. சாதாரண அலகை அது மழுக்கிவிடும். மேலும் முயன்றால் அலகு வழுக்கிப் பக்கத்து உலோகத்தைத் தின்னும். கடினமானது நொறுங்கக்கூடியதும் என்பதால், கூரிய குத்துளியால் அடித்துத் துண்டு துண்டாக உடைத்து எடுப்பவர்கள் உண்டு. ஆனால் எஞ்சின் தலையில் நீங்கள் அதை முதன்முதலாகப் பழகுவதை நான் விரும்பவில்லை. நல்ல கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கார்பைட் அலகால் அரைத்தெடுப்பார்கள். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இயந்திரம் உள்ள இடமானால் இன்னும் நல்லது.

இதே நிலைக்கு வரவிருக்கும் மற்றவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். வெப்பத்தில் இறுகிய ஸ்ரட்டுக்கு அந்தக் கருவி ஏற்றதல்ல. ஸ்ரட் முறியும் அளவுக்குப் புரி இறுகியிருக்கிறது என்றால், அதைவிட மெல்லிய கருவி அதைத் திருப்பிவிடும் என்று எதிர்பார்ப்பது எப்படி? போதாததற்கு, அது ஆப்பு வடிவில் இருப்பதால் உள்ளே போகப் போக ஸ்ரட்டை விரித்து மேலும் இறுக்கும்.

இந்த இடத்துக்கு ஏற்றது வெல்டிங். முறிந்த ஸ்ரட்டின் மேல் ஒரு வாசரை வைத்து அதன் துளை வழியே ஸ்ரட்டோடு ஒட்டி, அந்த வாசரின் மேல் ஒரு நட்டை வைத்து ஒட்டினால் புதிய தலை கிடைத்துவிடும். தலையைவிட முக்கியமானது அந்த வெப்பம்: சிவக்கச் சூடேறிய ஸ்ரட் விரிய இடமின்றி நசுங்கி, ஆறும்போது முன்னிருந்ததைவிடச் சுருங்குவதால் கறளின் பிடி விடுகிறது. சிவப்பு மறைந்து, இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது மெழுகுதிரியை அதன் அடியில் தொடுங்கள்; உருகிய மெழுகு புரிக்குள் இழுபட்டு மசகாகும். எஞ்சின் தலை அலுமினியமானால் உங்களுக்கு இன்னொரு வசதி. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், சுற்றியுள்ள அலுமினியத்தை மிதமாகச் சூடாக்கினாலே துளை அகன்று ஆணி தளரும்.

வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், தரைக் கம்பியை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் கொழுவுங்கள், எரிபொருள் குழாய்களில் கசிவு இல்லையென்று பாருங்கள். பிறேக் கழுவும் தெளிகருவிகளில் சில குளோரின் சேர்ந்தவை; அவை பட்ட இடத்தைச் சூடாக்கினால் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். மூடிய உருளைகளான அதிர்வு தாங்கிகளுக்கு அருகிலும் சுவாலையைக் கொண்டுபோக வேண்டாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்துப் புல் காய்ந்திருக்கும். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வெல்டிங் வசதி இல்லாமல் துளைத்தே ஆக வேண்டுமென்றால், வேலை முழுவதும் குத்துளிக் குறி சரியாக நடுவில் விழுவதில்தான் தங்கியிருக்கிறது. இடஞ்சுழி அலகு கிடைத்தால் அதையே பாவியுங்கள். துளைக்கும் திசையே கழற்றும் திசையாக இருப்பதால் பாதியிலேயே ஸ்ரட் சுற்றிக்கொண்டு வெளியே வருவதுண்டு. 8 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 இடைவெளியும் உள்ள புரியானால் 6.8 மில்லிமீற்றர் வரை துளைக்கலாம். நடு பிசகாதிருந்தால் மீதியாக மெல்லிய சுருள் மட்டும் நிற்கும், அதை ஊசியால் உரித்தெடுத்து, புரி வெட்டும் கருவியை ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

பூநகரியிலிருந்து ஒரு வாசகர்: பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பக்க மூடியில் உள்ள சிலுவைத் தலைத் திருகாணிகள் இரண்டின் பள்ளம் அழிந்துவிட்டது. நல்ல திருப்புளிதான் பாவித்தேன்.

பதில்: நல்ல திருப்புளி, ஆனால் அந்தத் திருகாணிக்கு உரியது அல்ல. கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் நுனி, பாரம் கூடினால் பள்ளத்திலிருந்து தானாகவே மேலே ஏறிவிடும் வடிவம் கொண்டது. ஜப்பானிய நியமத்தின்படி செய்த திருகாணியின் சிலுவை வேறு. தலையில் ஒரு சிறிய புள்ளி இருந்தால் அது அந்த நியமத்துக்குரியது. ஜேஐஎஸ் நுனி என்று கேட்டு வாங்குங்கள். அழிந்த இரண்டுக்கும், சுத்தியலால் அடிக்கும்போதே திருப்பும் அதிர்வுத் திருப்புளியைப் பாவிக்கலாம். நுனியில் வால்வு அரைக்கும் பசையைச் சிறிது தடவினால் பிடி கூடும். அதுவும் சரிவராவிட்டால் தலையை மட்டும் துளைத்தெடுத்து, மூடியைக் கழற்றிய பின் மீதியைக் குறட்டால் திருப்புங்கள். மறுபடி பூட்டும்போது அலன் சாவி போகும் திருகாணிகளைப் போட்டுவிடுங்கள்.

முறிகண்டியிலிருந்து ஒரு வாசகர்: பழைய லொறி ஒன்றின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எவ்வளவு திருப்பினாலும் இறுகுகின்றனவே தவிர, இளகவில்லை.

பதில்: சைக்கிளின் இடப்பக்க மிதி எந்தத் திசையில் கழலும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய பிரித்தானிய லொறிகளிலும் அவற்றின் வழிவந்த சில இந்திய லொறிகளிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடஞ்சுழிப் புரி உண்டு. ஓடும்போது நட்டு தானாக இளகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஸ்ரட்டின் நுனியைத் துடைத்துப் பார்த்தால் இடப்பக்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கக்கூடும். வலப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஒரு வாசகர்: மீனும் ஐசும் ஏற்றும் வாகனம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ரயர் மாற்றும்போதும் நட்டுகளோடு சண்டைதான். எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசிவிட்டால் என்ன?

பதில்: எல்லாவற்றுக்கும் அல்ல. உங்கள் வாகனத்துக்குக் கடற்காற்றின் உப்பு ஒருபுறம், ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீரின் உப்பு மறுபுறம். கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் புரிக்குள்ளே ஆப்பு அடித்தது போல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது எந்தக் கிறீஸையும்விடப் பயன் தரும். புகைப் போக்கி, ஸ்பிறிங் பிடிகள் போன்ற இடங்களில் செப்புக் கிறீஸ் பூசலாம். கலிப்பரின் வழுக்கூசிக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டுமே. சக்கரத்தின் நடுத் துளை உட்காரும் வளையத்தில் மெல்லியதாகப் பூசலாம். சக்கர ஸ்ரட்டின் புரியில் பூச வேண்டாம். வாகனக் கைநூலில் உள்ள இறுக்கும் அளவு உலர்ந்த புரிக்கு உரியது. மசகிட்ட புரியில் அதே அளவுக்கு இறுக்கினால் ஸ்ரட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். புரியை இரும்புத் தூரிகையால் துடைத்தாலே போதும்.

நட்டை முதலில் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டு கோணலாக நிற்கிறது. பிறகு எதிரெதிராக மாறி மாறி இறுக்குங்கள். ரயர் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சந்தியில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது, சாவியை எடுத்து ஒரு சுற்று பார்த்துவிட்டே ஏ9 வீதியில் ஏறுங்கள்.